வி.எம். 3.40

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி தமிழழகன் சார் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டச்சு அறைக்குள் வந்து நின்றார். அவர் இந்த அறைக்குள் வருகிறவர் இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் சந்தோஷை விட்டுக் கூப்பிட்டு அனுப்புவார். அவரைப் பார்த்ததும் அருள்மொழி பயந்து எழுந்து நின்றாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். வங்கியில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாலும், கல்லூரி அலுவலகத்தில் பெயரை வாசித்தாலும், தப்பு செய்தவளைப் போல முதலில் பயந்துவிட்டுத்தான் எழுந்து நிற்பாள். இந்த முறை பயப்படக் காரணமும் இருந்தது. அது அடுத்த நிமிடம்தான் தெரிந்தது.

"இந்த வி.எம். யாருப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க," என்றார் சார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகக் கணினியில் அடித்துத் தருவதுதான் தொழில். எட்டு மாதமாக ஓர் அகராதி ஓடிக்கொண்டிருந்தது. பழங்காலக் கிரேக்கர்கள் கப்பலுக்கும் கடல் பயணத்துக்கும் சரக்கு ஏற்றி இறக்குவதற்கும் வழங்கிய சொற்கள் மொத்தமும் வேர்ச்சொல் வாரியாக அதில் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் பொருள். அதன் கீழே, அந்தச் சொல்லை எந்தப் பழைய ஆசிரியர் எந்தப் பகுதியில் எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறார் என்று பெயர்ச் சுருக்கமும் எண்களும்.

சார் கையில் இருந்தது 'ப்ளூஸ்' என்ற சொல்லின் பக்கம். கடற்பயணம் என்று பொருள். கப்பல் விடத் தோதான நேரம் என்றும் இன்னொரு பொருள். அதை எழுதிய ஆசிரியர்களின் வரிசையில் கடைசியாக, ஆங்கில எழுத்தில், 'வி.எம். 3.40' என்று இருந்தது.

"இத சரிபாக்கற வெளிநாட்டு புரொபசர் ரெண்டு வாரமா தேடியிருக்காரு. மூணாவது பாகம், நாப்பதாவது பத்தின்னு நெனச்சிக்கினு லைப்ரரி லைப்ரரியா போயிருக்காரு. அப்படி ஒரு ஆசிரியரே கெடைக்கலையாம். யாருன்னு மரியாதையா கேட்டு மெயில் போட்டிருக்காரு."

"வி.எம்.னா விழுப்புரம் மாவட்டம் சார்," என்றான் சந்தோஷ். அறைக்கு மேற்பார்வை அவன்தான். "நாமளே அதுலேருந்து பிரிஞ்சி வந்தவங்கதானே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"அச்சுப் பக்கத்துல இது இல்ல. நான் பாத்துட்டேன். ஆனா நம்ம ரெண்டு ஃபைல்லயும் இருக்கு. அதான் எனக்கு தூக்கம் வரல."

அங்கே எந்தப் பக்கத்தையும் ஒருவர் மட்டும் அடிப்பதில்லை. ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், தனித்தனி அறையில் உட்கார்ந்து அடிப்பார்கள். பிறகு இரண்டு ஃபைல்களையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் சிவப்பு காட்டும். சிவப்பு விழுந்த இடத்தை மட்டும் சந்தோஷ் அச்சுப் பக்கத்தோடு வைத்துச் சரிசெய்வான். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது.

"மொத ஃபைலு பூமாலை. ரெண்டாவது அருள்மொழி. ஒருத்தர பாத்து ஒருத்தர் அடிச்சிருக்கீங்க. பூமாலை எங்க?"

"வரல சார். மழையில மலை ரோட்டுல மரம் வுழுந்துட்ச்சாம். காலைல பஸ்ஸே எறங்கல," என்றான் சந்தோஷ்.

அருள்மொழி எழுந்து நின்றிருந்தாள். சார் அவளைப் பார்த்தார்.

"ரிஜிஸ்டர பாத்தேன். போன மாசம் ஒரு புதன்கெழமையே அருள்மொழி குடுத்திருக்கு. பூமாலை குடுத்தது வியாழக்கெழம காலைல. அப்போ யாரு யாரப் பாத்து அடிச்சிருப்பாங்க? இதுக்கு டிகிரி வேணுமா?" அவர் குரல் இறங்கியது. "நீ ஒக்காரும்மா. அந்தப் பொண்ணு வரட்டும். இந்த மாதிரி வேல பண்றவங்கள நான் ஒரு நாள் வெச்சிக்க மாட்டேன். வெளிய தெரிஞ்சா மொத்த புக்கும் கையவுட்டுப் போயிடும்."

அருள்மொழி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அந்த அறையில் வி.எம். என்றால் வெள்ளிமலை என்றும், 3.40 என்றால் கள்ளக்குறிச்சியில் இருந்து மலைக்குக் கிளம்பும் பஸ்ஸின் நேரம் என்றும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பூமாலை கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். விடிகாலை முதல் பஸ்ஸில் இறங்கி, மூன்று இருபதுக்கு எழுந்துபோய் 3.40ஐப் பிடிப்பாள். அதற்கு அவளுக்கு மட்டும் தனி அனுமதி. வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவள், எந்த வரியில் நின்றோம் என்று தெரிவதற்காக அந்த இடத்தில் 'வி.எம். 3.40' என்று அடித்துவிட்டுப் போவாள். மறுநாள் வந்ததும் அதை அழித்துவிட்டுத் தொடருவாள். ஒரு மதியம் புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடும்போது அவளே இதைச் சொல்லிச் சிரித்தாள். ஒரு நாள் அழிக்க மறந்திருக்கிறாள். மறந்தாலும் கெடுதல் இல்லை. இன்னொருவர் ஃபைலில் அது இருக்காது, சிவப்பு விழும், சந்தோஷ் எடுத்துவிடுவான். அந்த இன்னொருவர் ஒழுங்காக அடித்திருந்தால்.

அந்தப் புதன்கிழமை அருள்மொழியின் கணினி நின்றுபோனது. "பூமாலை சீட்டுல ஒக்காந்து முடிச்சிடு," என்று சந்தோஷ் சொன்னான். அப்போது மணி மூன்றரை. வீட்டில் அன்றைக்குச் சங்கராபுரத்தில் இருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆறு மணிக்குள் எலவனாசூர்கோட்டைக்குப் போய் முகம் கழுவ முடியும். இன்னும் நான்கு பக்கம் பாக்கி. பூமாலையின் இருக்கையில் உட்கார்ந்தால், திரையில் அதே நான்கு பக்கமும் அடித்து முடித்துத் திறந்தபடியே கிடந்தன. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பூமாலை ஒப்படைக்காமலே ஓடியிருந்தாள்.

முந்தின நாள் வைத்த குறி நடுவில் அழியாமல் இருந்ததைக் கவனிக்காமல், அருள்மொழி அப்படியே நகல் எடுத்துத் தன் பெயரில் வைத்துக்கொண்டாள். சிவப்பே விழாவிட்டால் சந்தேகம் வரும் என்று பக்கத்துக்கு மூன்று எழுத்தை வேண்டுமென்றே கெடுத்தாள். முழுதும் பத்து நிமிடம் ஆகவில்லை. இதையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்று நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படித்திருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான மனிதர் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு மலை பஸ்ஸின் நேரத்தை இரண்டு வாரம் நூலகங்களில் தேடியிருக்கிறார்.

அவள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அப்பா மாயவன் கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா ரங்கம்மாள் நடவுக்கும் களைக்கும் போகிறவள். அருள்மொழி கணக்கில் பட்டம் வாங்கி, இரண்டு வருடம் எழுதாத தேர்வு இல்லை, போகாத நேர்காணல் இல்லை. கடைசியில் இந்த வேலை கிடைத்தபோது ரங்கம்மாள் வயலில் நின்று ஊருக்கே சொன்னாள்: "எம் பொண்ணு கிரீக்கு எழுதுது." அப்படி என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, "இங்கிலீசுக்கெல்லாம் மேல," என்று விளக்கமும் கொடுத்தாள்.

உண்மையில் அங்கே யாருக்கும் கிரேக்கம் தெரியாது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்து அடிப்பார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் அவர்களே வைத்த பெயர் உண்டு. இரண்டு கால் நட்டுக் குறுக்கே கட்டை போட்டது பந்தக்கால். கீழே விரிந்தது கவட்டை. வட்டமாக இருந்தால் முட்டை. மூன்று முனை இருந்தால் சூலம். ப்ளூஸ் என்ற சொல் அந்த அறையில் 'பந்தக்கால், கவட்டை, முட்டை, தொப்பி போட்ட கிண்ணி, கொக்கி' என்றுதான் அடிக்கப்பட்டது. பொருள் புரிந்து அடித்தால் கை தானாகத் திருத்திவிடும், தப்பு ஜாஸ்தியாகும், படிக்காதே என்பதுதான் சந்தோஷ் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அருள்மொழி படித்தாள். பஸ்ஸில் போகும்போது கைபேசியில் பார்த்து எழுத்துகளின் ஒலியைக் கற்றுக்கொண்டாள். யாரும் கற்கச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றின் மேல் நாள் முழுக்க விரலை வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு ஏதோ திருட்டு மாதிரி இருந்தது. நௌஸ் என்றால் கப்பல். நௌலோன் என்றால் கப்பலுக்குக் கொடுக்கும் பயணக் கட்டணம். கரையை விட்டுப் புறப்படும் பயணம் எக்ப்ளூஸ். கரைக்கு வந்துசேர்வது கட்டாப்ளூஸ். கரையை விடாமல் அதை ஒட்டியே போவது பராப்ளூஸ். பயந்தவர்களுக்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் ஒரு முறைகூடக் கடலைப் பார்த்ததில்லை. இவ்வளவு ஆசையாகப் படித்தவள் ஏன் நான்கு பக்கத்தைத் திருடினாள்? அதைத்தான் அவள் அன்றைக்குக் காலையில் இருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் மரத்தை வெட்டி அகற்றிவிட்டார்கள், பஸ் போகிறது என்று தெரிந்தது. தலைவலி என்று சந்தோஷிடம் சொல்லிவிட்டு, அருள்மொழி மூன்று நாற்பதுக்கு மலை பஸ்ஸில் ஏறினாள். பூமாலை அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னால் அவளைப் பார்த்துவிட வேண்டும். பார்த்து என்ன சொல்வது என்பது ஏறும்போது தெளிவாக இருந்தது. அந்த வி.எம். என்னவென்றே தெரியாது என்று சொல்லிவிடு, இரண்டு பேரும் அப்படியே சாதித்துவிடலாம் என்று கெஞ்ச வேண்டும்.

"வெள்ளிமலை ஒண்ணு."

"மேல யாரும்மா இருக்காங்க?" என்றார் கண்டக்டர்.

"ஃபிரண்டு."

"திரும்பி வரணுமா? ஆறு மணிக்கு போய் நிக்கும். இருவது நிமிசம். டீ குடிச்சிட்டு எடுத்துடுவோம். வுட்டன்னா நாளைக்கு காலைலதான்."

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மழையில் மண் சரிந்து சில வளைவுகளில் பாதிச் சாலைதான் இருந்தது. வெட்டிய மரத்தின் கிளைகள் பஸ்ஸின் பக்கவாட்டில் உரசின. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஒரு முறை நிறுத்திப் பின்னால் எடுத்தார். பின்னால் எடுக்கும்போது கடைசி இருக்கைக்கு அடியில் தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. பனி ஏறிவந்து கண்ணாடியை மூடியது. அருள்மொழி முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குமட்டியது. கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டலுக்கு அந்த அகராதியில் நௌத்தியா என்று பெயர். கப்பல் என்ற சொல்லில் இருந்தே அதைச் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அடித்தபோது அழகாக இருந்தது. இப்போது வாந்திதான் வந்தது.

"தலைய வெளிய நீட்டாத பாப்பா, பாறை இருக்குது," என்று பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் தலையைப் பிடித்து உள்ளே இழுத்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "மொத தடவையா? எங்களுக்கெல்லாம் கீழ எறங்கனாத்தான் தலைய சுத்தும்."

இதே வழியில் பூமாலை ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் வருகிறாள். அவள் ஒரு நாளும் இதைப் பற்றிச் சொன்னதில்லை. அருள்மொழி கேட்டதும் இல்லை.

வெள்ளிமலையில் இறங்கி வாயைக் கொப்பளித்தாள். வீட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பூமாலையே நிறுத்தத்தில் நின்றிருந்தாள். காலை பஸ் நிச்சயமாக இறங்குமா என்று கண்டக்டரிடம் கேட்க வந்திருக்கிறாள்.

"அக்கா! இன்னாக்கா, நீ இங்க? யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. உன் வி.எம். மூணு நாப்பது அழிக்காம அப்டியே போயிட்ச்சி பூமாலை. வெளிநாட்டுல கண்டுபிடிச்சி யாரு இந்த ஆசிரியர்னு கேட்டிருக்காங்க."

பூமாலை ஒரு நொடி விழித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, எங்க பஸ்ஸு அவ்ளோ தூரம் போயிட்ச்சா! எங்க ஆளுங்க யாரும் சென்னையே தாண்டுனது இல்ல." சிரித்துக்கொண்டிருந்தவள் மெல்ல நின்றாள். "இரு இரு. அது எப்டிக்கா போவும்? உன்னுதுல இல்லாதது என்னுதுல இருந்தா சிவப்பு வுழுமே."

அருள்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடையில் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது.

"ஓ," என்றாள் பூமாலை. பிறகு, "எத்தினி பக்கம்?"

"நாலு. அந்த புதன்கெழம. உன் சீட்டுல ஒக்காந்தேனே."

"சார் கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. தேதிய வெச்சி நீதான் என்னைப் பாத்து அடிச்சன்னு அவரு நெனச்சிக்கினு இருக்காரு."

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"ஒக்காருன்னாரு. ஒக்காந்துட்டேன்."

"ஒக்காந்துட்ட." பூமாலை அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் அருள்மொழியை அதிகம் பயமுறுத்தியது. "இப்ப எதுக்கு வந்த? நான் வாய மூடிக்கினு இருக்கணும்னு சொல்றதுக்கா?"

"அதுக்குத்தான் ஏறுனேன். இப்ப தெரியல. சத்தியமா தெரியல."

"நான் மூணு இருவதுக்கு எழுந்து உங்க ரூம தாண்டும்போதெல்லாம் அங்க பேசுறது எனக்கு கேக்கும்க்கா. மலைக்காரிக்கு மட்டும் தனி சட்டமான்னு. ஒரு தப்புக்குக் காத்துக்கினு இருக்காங்க. நீயும் அங்கதானே ஒக்காந்திருப்ப?" அவள் பஸ்ஸைப் பார்த்தாள். "நாளைக்கி மொத பஸ்ஸுல வரேன். எட்டே முக்காலுக்கு உள்ள வருவேன். வி.எம்.னா வெள்ளிமலைன்னு சொல்லுவேன். வேற வழி எனக்கு இல்ல. அதுக்குள்ள நீ சொல்லியிருந்தா நீ சொன்னதா இருக்கும். இல்லன்னா நான் சொன்னதா இருக்கும். அவ்ளோதான் வித்தியாசம்."

டிரைவர் ஹாரன் அடித்தார். பூமாலை ஓடிப்போய் ஒரு டீயை வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "குடி. மூஞ்சி வெளுத்து கெடக்குது," என்றாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது அவள் அருள்மொழியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "சங்கராபுரத்துக்காரங்க போன் பண்ணாங்க, வேலைக்குப் போற பொண்ணுதான் வேணுமாம்," என்று ரங்கம்மாள் சொன்னபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

புதன்கிழமை எட்டு இருபதுக்கு அருள்மொழி மாடிப்படியின் கீழே நின்றிருந்தாள். இரும்புக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். சார் எட்டரைக்கு வந்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரமாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

"சார், நான்தான் சார். பூமாலை இல்ல. நான்தான் அதப் பாத்து எடுத்தேன்."

சார் படியில் வைத்த காலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே போனார். அவள் பின்னாலேயே போனாள். அவர் அறையில் விசிறியைப் போட்டு, உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் கேட்டார்.

"எத்தினி பக்கம்?"

"நாலு சார்."

"முந்நூறு பக்கம் அடிச்சிருக்க. நாலுதான்னு நான் எதை வெச்சி நம்புறது?"

அவளிடம் இதற்குப் பதில் இருந்தது. ராத்திரி கண் மூடாமல் யோசித்தது அது ஒன்றைத்தான். "சிவப்பு எண்ணிக்கைய பாருங்க சார். சந்தோஷ் அண்ணன் கிட்ட பக்கவாரியா இருக்கும். நானே அடிச்ச பக்கத்துல எல்லாம் தப்பு இருக்கும். எடுத்த பக்கத்துலதான் கம்மியா இருக்கும்."

சார் கூப்பிட, அப்போதுதான் வந்த சந்தோஷ் அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுவந்து போட்டான். சார் விரலை வைத்து இறங்கினார். பதினான்கு, பதினொன்று, பதினேழு, ஒன்பது, பன்னிரண்டு. அவள் செய்த தப்பெல்லாம் அவளுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டு போயின. நடுவில் மூன்று, மூன்று, மூன்று, மூன்று. "இது நாலும்," என்றார் சார். விரல் மேலும் இறங்கியது. பதினைந்து, பத்து, பதிமூன்று. அப்புறம் நின்றது.

"நானூத்திப் பதினேழாம் பக்கம். ஒண்ணே ஒண்ணு. அப்போ அஞ்சு."

"இல்ல சார். அது நானே அடிச்சது."

"நீயே சொன்ன ரூல்தானேம்மா இது."

இதை அவள் யோசிக்கவே இல்லை. அவள் அடித்ததிலேயே சுத்தமான பக்கம் அது. திருட்டைக் காட்டிக்கொடுக்க அவளே ஒரு வழி சொன்னாள், அந்த வழியில் அவளுடைய ஒரே நல்ல வேலையும் திருட்டாகிவிட்டது. நாலை ஐந்து என்று ஒப்புக்கொண்டால் என்ன? ஒருவேளை அதோடு விட்டுவிடுவார். மறுத்தால் நாலும் பொய் என்று ஆகிவிடும்.

"அது நான் அடிச்சதுதான் சார்," என்றாள் மறுபடியும்.

அந்த நேரத்தில் பூமாலை உள்ளே வந்தாள். நேராகச் சார் முன்னால் போய் நின்று, "சார், வி.எம்.னா வெள்ளிமலை. எங்க பஸ்ஸு. நான் வெச்ச குறி. அழிக்க மறந்துட்டேன்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அருள்மொழியின் முகத்தையும் மேஜையில் கிடந்த காகிதங்களையும் பார்த்து, அவள் முன்னமே சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டாள்.

"கஸ்டமர் ஃபைல்ல பஸ் டைம் எழுதுவியா நீ?"

"மனசுல வெச்சிக்கினா மறந்துடுது சார்."

சந்தோஷ் சிரிப்பை அடக்க இருமினான். சார் அவனை முறைத்துவிட்டு ஐந்து அச்சுப் பக்கங்களை எடுத்துத் தன் மேஜையில் இருந்த கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அஞ்சையும் இங்கயே அடி. என் கண்ணு முன்னாடி. திருத்தி முடிச்ச ஃபைலோட ஒப்பிட்டுப் பாக்கறேன். பூமாலை, நீ உன் ரூமுக்குப் போ."

முதல் நான்கு பக்கமும் விரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பந்தக்காலும் கவட்டையும் ஒன்றாகத் தெரிந்தன. தொப்பியை வேறு எழுத்தின் மேல் வைத்தாள். ஒரு வரியையே விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். பின்னால் நாற்காலியில் சார் மூச்சு விடுவது கேட்டது. பதினொரு மணிக்கு நானூற்றுப் பதினேழாம் பக்கத்தை எடுத்தாள்.

அந்தப் பக்கத்தில் அப்ளோயா என்று ஒரு சொல் இருந்தது. காற்று சரியில்லாமல் கப்பலை எடுக்க முடியாமல் துறைமுகத்திலேயே அடைந்து கிடப்பது. அதற்கு எதிராக எவ்ப்ளோயா. பயணம் நல்லபடியாக அமைவது. அந்தப் பக்கத்தை முதன்முறை அடித்தபோது, பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் கிடந்த இரண்டு வருடத்துக்கு இப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறதே என்று நினைத்தாள். அன்றைக்கு பஸ்ஸிலும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். இப்போதும் பயம் போகவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் அவள் வடிவத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சொல்லைப் பார்த்தாள், விரல் போனது.

சந்தோஷ் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னான். முதல் நான்கில் பத்தொன்பது, இருபத்து மூன்று, பதினாறு, இருபத்தொன்று. நானூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இரண்டு.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல மட்டும் எப்படி?"

"அது எனக்குப் புரியும் சார். படிச்சிட்டேன்."

"படிக்கக் கூடாதுன்னு சொன்னேனே," என்றான் சந்தோஷ்.

"சும்மா இருடா." சார் அச்சுப் பக்கங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே சொன்னார். "புரொபசருக்குத் தட்டச்சுப் பிழைன்னு போட்டுடறேன். அந்த நாலு பக்கத்த வேற ஆள வெச்சி அடிச்சிக்கறேன். இனிமே இந்த புக்கு உனக்கு இல்ல. இப்பவே ஆஸ்பத்திரி பில்லு அடிக்கற பக்கம் போயி ஒக்காரு. பொங்கல் வரைக்கும் பாப்பேன். ஒரு தப்பு தெரிஞ்சா அன்னிக்கே வூட்டுக்கு. கையெழுத்து போடு."

வேலை போகவில்லை. அதைப் புரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கிரேக்கம் போய்விட்டது என்பது அதற்கும் அப்புறம்தான் புரிந்தது. தாளை வாங்கிப் படித்தாள். 'மற்றொருவர் அடித்த சில பக்கங்களை நகல் எடுத்து எனது வேலையாகக் காட்டினேன்' என்று இருந்தது.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். பேசாமல் போட்டுவிட்டுப் போய்விடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அவளுக்கு நன்றாகப் பழகிய குரல்தான் அது.

"சார், சில பக்கங்கள்னு இருக்குது."

"அதுக்கு?"

"நாலுன்னு போடுங்க சார்."

சந்தோஷ் மூச்சை இழுத்துப் பிடித்தான். சார் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவர் தாளைப் பிடுங்கி, 'சில' என்பதை அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டுத் தள்ளினார்.

அருள்மொழி கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.